கிளி எடுத்த சீட்டும் ஊழின் சக்கரமும்

நாளை நிகழப்போவதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மனித இனத்தோடு உடன்பிறந்தது. விண்மீன்களைக் கணித்தும், பறவையின் குரலைக் கேட்டும், கைவரிகளை நோக்கியும், கழங்குக் காய்களை உருட்டியும் மக்கள் வருவது அறிய முயன்றனர். படம் எழுதிய சீட்டு ஒன்றை எடுத்து அதற்குப் பொருள் கூறுவதும் அம்முயற்சிகளுள் ஒன்று. ஐரோப்பியர் இதற்குப் பயன்படுத்தும் சீட்டுகள் டாரட் எனப்படும். தமிழர் நன்கறிந்தது கிளி சோதிடம். ஜொகூரில் வாழும் நம் இளைஞருக்கு இன்று கிளியைக் காண்பது அரிது. டாரட் சீட்டோ கைப்பேசியைத் தொட்டதும் கண்முன் விரிகிறது. ஒரு காலத்தில் கோயில் வாயிலில் பாட்டி கேட்ட கேள்வியைப் பேத்தி இப்பொழுது கண்ணாடித் திரையிடம் கேட்கிறாள். கேள்வி மட்டும் மாறவில்லை.

சீட்டு வருவது உரைக்குமா, உரைக்காதா என்னும் வழக்கு பழையது. அதனினும் பயனுள்ள வேறொரு வினா உண்டு. ஒரு படத்துக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? எழுதியவன் வைத்த பொருளா, எடுத்துச் சொல்பவன் ஏற்றிய பொருளா, கேட்பவன் நெஞ்சில் முன்னரே இருந்த பொருளா? இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இதுவே. ஆதலின் சீட்டின் வரலாற்றை இலக்கிய மாணவர் அறிந்துகொள்வது வீண்முயற்சி ஆகாது.

கிளி எடுக்கும் சீட்டு

தமிழ்நாட்டுக் கோயில் வாயில்களிலும் சந்தைகளிலும் கடற்கரைகளிலும் கிளி சோதிடரின் இருப்பிடம் எளியது. ஒரு சிறிய கூண்டு, அதனுள் பச்சைக்கிளி, முன்னே அடுக்கி வைத்த சீட்டுகள். அவ்வளவே அவருடைய முதல். கேட்க வந்தவரின் பெயரைச் சொல்லிச் சோதிடர் கதவைத் திறப்பார். கிளி நடந்து வந்து, சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுக்கும். கூலியாக ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு கூண்டுக்குள் திரும்பும். சோதிடர் சீட்டைப் பிரித்துப் படத்தைக் காட்டிப் பலன் சொல்வார். சீட்டுகள் 27 என்பது பொதுவான கணக்கு. 27 நட்சத்திரங்களை ஒட்டி அத்தொகை அமைந்தது என்பர். அதனினும் மிகுதியாக வைத்திருப்போரும் உளர். படங்களிற் பெரும்பாலானவை பிள்ளையார், முருகன், இலக்குமி முதலிய தெய்வத் திருவுருவங்கள். புத்தரும், குழந்தையை ஏந்திய மரியன்னையும் இடம்பெறுவதுண்டு. கேட்க வருவோர் எச்சமயத்தவராயினும் தமக்குரிய படம் அங்கே இருக்கும் என்னும் நம்பிக்கைக்கு அவை சான்று.

கடல் கடந்த தமிழரோடு இவ்வழக்கமும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. ஜொகூர் பாருவைச் சிங்கப்பூரோடு இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. அதன் மறுகரையில், சிராங்கூன் சாலையை ஒட்டிய குட்டி இந்தியாவில், கிளிக்கூண்டோடு அமர்ந்திருந்த சோதிடரை நாடித் தமிழர் மட்டுமின்றிச் சீனரும் வெளிநாட்டுப் பயணிகளும் சென்றனர். அக்கிளிகளுள் ஒன்று உலகப் புகழும் பெற்றது. 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது 'மணி' என்னும் சிங்கப்பூர்க் கிளி காலிறுதி ஆட்டங்களின் முடிவுகளைச் சரியாகச் சொன்னதாக உலகச் செய்தித்தாள்கள் எழுதின. இறுதி ஆட்டத்துக்கு அது நெதர்லாந்தின் சீட்டை எடுத்தது. வென்ற நாடு ஸ்பெயின்.

மணியின் தோல்வி நமக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. அதன் முன் வைக்கப்பட்டவை நாடுகளின் கொடிகளைத் தாங்கிய சீட்டுகள். கொடிக்கு ஒரு பொருளே உண்டு. ஆட்டம் முடிந்ததும் சொன்னது பொய்த்ததா, மெய்த்ததா என்பது எல்லார்க்கும் தெரிந்துவிடும். தெய்வப் படம் தாங்கிய சீட்டின் நிலை வேறு. எடுத்துக்காட்டாக, இராமன் காடு செல்லும் படம் ஒருவருக்கு வந்ததாகக் கொள்வோம். பிரிவு வரும் எனலாம். பிரிந்தவர் மீள்வர் எனலாம். பெற்றோர் சொற்கேட்டால் பெருமை உண்டு எனலாம். பெண்ணால் ஒரு வழக்கு எழும் எனவும் கூறலாம். காடு சென்றதும் இராமன் கதை. மீண்டு வந்து முடி புனைந்ததும் இராமன் கதை. கதையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது சோதிடரின் உரிமை. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் முகம் மலரும், எந்த இடத்தில் வாடும் என்பதை நோக்கி அவர் நிறுத்துகிறார். அவர் படிக்கும் ஏடு சீட்டைவிடக் கேட்பவரின் முகமே ஆகும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. சீட்டைச் சோதிடரே எடுப்பதில்லை, கேட்பவரும் எடுப்பதில்லை. கிளி எடுக்கிறது. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும்பொழுது, வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் இருக்க, ஒரு சிறு குழந்தையை அழைத்து எடுக்கச் சொல்கிறோம். கிளியும் குழந்தையும் வழக்கின் இரு பக்கத்தையும் அறியாதவை. விருப்பு வெறுப்பற்ற கை ஒன்று நடுவே வேண்டும் என்று மக்கள் எண்ணினர். எடுப்பதில் இத்துணை நடுவுநிலைமையைக் காத்த அவர்கள் விளக்குவதில் அதனைக் காத்தார்களா என்பதே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அதற்கு ஐரோப்பியச் சீட்டு ஒன்றின் வரலாறு துணைபுரியும்.

ஐரோப்பியச் சீட்டில் ஒரு சக்கரம்

டாரட் தொகுதியில் 78 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் 56 சாதாரணச் சீட்டுக்கட்டைப் போன்றவை; 22 தனித்தனிப் படம் தாங்கியவை. அந்த 22இல் பத்தாம் எண் பெற்றது 'ஊழ்ச் சக்கரம்' என்று நாம் பெயரிடத்தக்க சீட்டு. இந்தச் சீட்டுகள் தொன்மை வாய்ந்த எகிப்தியரின் மறைநூல் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். வரலாறு கூறுவது வேறு. 1440களில் வட இத்தாலியின் பிரபுக்கள் மாளிகைகளில் இவை விளையாட்டுச் சீட்டுகளாகத் தோன்றின. மிலான் நகரை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா குடும்பத்தாருக்காக 1450ஐ ஒட்டிப் பொன்தகட்டின்மேல் எழுதப்பட்ட தொகுதியின் பெரும்பகுதி இன்றும் எஞ்சி, நியூயார்க்கிலும் பெர்கமோவிலும் உள்ளது. ஏறத்தாழ 300 ஆண்டுக்காலம் இவற்றை வைத்து மக்கள் ஆடினர். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக மெய்யியல் அறிஞர் மைக்கேல் டம்மெட் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூல் இவ்வுண்மையை விரிவாக நிறுவியது.

பழைய இத்தாலியச் சீட்டிற் காணும் சக்கரத்தின் பொருள் அக்காலத்தார்க்கு ஐயமின்றி விளங்கியது. நடுவே நற்பேற்றுத் தெய்வம், கண் கட்டப்பட்டு நிற்கிறாள். சக்கரத்தின் ஒரு பக்கம் ஒருவன் ஏறுகிறான். உச்சியில் ஒருவன் அமர்ந்திருக்கிறான். மறுபக்கம் ஒருவன் சரிகிறான். அடியில் ஒரு முதியவன் சக்கரத்தைத் தாங்கிக் கிடக்கிறான். ஆளப்போகிறவன், ஆள்கிறவன், ஆண்டவன், ஆட்சி இழந்தவன் என்னும் நான்கு நிலைகள் அவர்களுக்கு உரியவை. உச்சியில் இருப்பவனுக்கு ஓவியர் கழுதைக் காது வைத்திருக்கிறார். பதவியில் அமர்ந்தவனைப் பார்த்து இவ்வளவு துணிவாக நகைத்த படம், பதவியில் இருந்தவர்களே கையில் ஏந்தி விளையாடிய சீட்டில் இடம்பெற்றது என்பது வியப்புக்குரியது.

இக்கருத்து ஓவியரின் சொந்தக் கற்பனையன்று. ஆறாம் நூற்றாண்டில் கொலைத் தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த போயீத்தியஸ் என்னும் உரோமானிய அறிஞர், நற்பேற்றின் சக்கரத்தைத் தம் நூலில் பேசினார். அந்நூலைப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பா கற்றது. ஆகவே சக்கரத்தைக் கண்ட எவனும் 'செல்வம் நிலையாது' என்னும் அறத்தை உடனே படித்தான். படத்துக்கும் பார்ப்பவனுக்கும் இடையே விளக்கம் சொல்ல ஒருவரும் தேவைப்படவில்லை.

1781ஆம் ஆண்டு அந்நிலை மாறிற்று. அந்துவான் கூர் தெ கெபெலின் என்னும் பிரெஞ்சு அறிஞர், தாம் எழுதிவந்த பல தொகுதி நூலில், இச்சீட்டுகள் எகிப்திய குருமாரின் ஞான நூல் என்று அறிவித்தார். அதற்குச் சான்று எதனையும் அவர் காட்டவில்லை, காட்டவும் இயலாது. எகிப்தியரின் பட எழுத்தைப் படிக்கும் வழியைச் சாம்போலியன் என்பவர் கண்டறிந்தது 1822இல். அதாவது, எகிப்திய எழுத்தில் ஒன்றையும் எவரும் படிக்க இயலாதிருந்த காலத்தில், அதற்கு 41 ஆண்டுகள் முன்னரே, எகிப்திய ஞானம் இதுதான் என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. 1780களிலேயே பாரிசில் அலியெட் என்பவர், தம் பெயரெழுத்துகளைத் தலைகீழாக்கி எத்தேயா எனப் புனைந்துகொண்டு, டாரட்டை வைத்துக் குறி சொல்லும் முறையை நூலாக்கினார். விளையாட்டுச் சீட்டு வேதமாயிற்று.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. 1909ஆம் ஆண்டு இலண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவரின் கருத்துக்கிணங்க, பமேலா கோல்மன் சிமித் என்னும் ஓவியப் பெண்மணி 78 சீட்டுகளையும் புதிதாக வரைந்தார். இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவன அவையே. அதில் பத்தாம் சீட்டைப் பாருங்கள். கண் கட்டிய தெய்வம் இல்லை. ஏறியும் இறங்கியும் நின்ற நான்கு மனிதரும் இல்லை. சக்கரத்தின் உச்சியில் எகிப்திய ஸ்பிங்ஸ் உருவம் வாளேந்தி அமர்ந்திருக்கிறது. ஒரு புறம் பாம்பு இறங்குகிறது. மறுபுறம் நரித்தலை கொண்ட எகிப்தியத் தெய்வம் ஏறுகிறது. சக்கரத்தில் எபிரேய எழுத்துகள். நான்கு மூலைகளிலும் சிறகு விரித்து நூல் படிக்கும் மனிதன், கழுகு, சிங்கம், எருது.

படம் முதலில் இருந்தது. அதற்கு எகிப்து என்னும் விளக்கம் பின்னர் ஏற்றப்பட்டது. விளக்கம் நிலைத்ததும் அதற்கு ஏற்பப் படமே மாற்றி வரையப்பட்டது. இப்பொழுது புதிதாய்ச் சீட்டைக் காணும் இளைஞன், 'இதோ ஸ்பிங்ஸ் இருக்கிறதே, இது எகிப்தியருடையதுதான்' என்று நம்புகிறான். விளக்கவுரை மூலபாடத்தினுள் நுழைந்துவிட்டால் மூலபாடமே உரைக்குச் சாட்சி சொல்லத் தொடங்கும். சுவடிகளில் இடைச்செருகலைத் தேடி ஆராய்ந்த நம் பதிப்பாசிரியர்கள் இந்த இடரை நன்கறிவர்.

தமிழில் சக்கரம்

சக்கரத்தைக் கொண்டு செல்வத்தின் நிலையாமையைக் கூறுதல் தமிழர்க்குப் புதிதன்று. நாலடியாரில் செல்வம் நிலையாமையைப் பேசும் பகுதி, செல்வம் ஒருவரிடத்தே நில்லாமல் வண்டிச் சக்கரம்போல் சுழன்று வரும் என்கிறது. உவமை ஒன்றே, ஆயினும் உவமையைச் சூழ்ந்த கருத்தில் வேறுபாடு உண்டு. இத்தாலியச் சீட்டின் சக்கரத்தைச் சுழற்றுபவள் கண் கட்டியவள். யார் ஏறுகிறார், யார் விழுகிறார் என்று அவள் பார்ப்பதில்லை. நாலடியார் உவமைக்கு எடுத்தது பாதையில் உருளும் வண்டிச் சக்கரம். அங்கே சுழற்றும் தெய்வம் இல்லை. ஆதலின் பழி சொல்லவும் எவரும் இல்லை. சக்கரம் உன்னிடம் வந்திருக்கும்பொழுது பலரோடு பகிர்ந்து உண் என்பதே அப்பாடல் தரும் அறிவுரை. இத்தாலியர் சக்கரத்தைக் கண்டு எச்சரிக்கை பெற்றனர். நாலடியார் சக்கரத்தைக் காட்டிக் கடமையைக் கூறிற்று.

ஊழைப் பற்றித் திருக்குறள் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 38ஆம் அதிகாரமாகிய ஊழ், அதனினும் வலியது வேறில்லை என்னும் கருத்தோடு முடிகிறது. 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையோ, சோர்வின்றி முயல்வார் ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்று கூறி முடிகிறது. முரண்போல் தோன்றும் இவ்விரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே நூலில் வைத்தார். முதலாவதைத் துன்பம் நேர்ந்தபின் ஆறுதலுக்காகவும், இரண்டாவதைச் செயல் தொடங்குமுன் ஊக்கத்துக்காகவும் படிக்க வேண்டும் என்று கொண்டால் முரண் அகலும். இவற்றின் இடத்தை மாற்றிப் படித்தால் கேடு விளையும். தேர்வுக்கு முன் ஊழைப் படித்த மாணவன் நூலை மூடிவிடுவான்.

படம் பார்த்த அரசியும் சொல் கேட்ட முதுபெண்டிரும்

விளக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவுக்குச் சங்கப் புலவர்கள் நூற்பா வகுத்து விடை கூறவில்லை. ஆனால் விடையைக் காட்சியாக்கிக் காட்டியுள்ளனர்.

நக்கீரரின் நெடுநல்வாடையில், போருக்குச் சென்ற மன்னனைப் பிரிந்த அரசி கட்டிலில் இருக்கிறாள். கட்டிலின் மேல்விதானத்தில் மேடம் முதலாகிய இராசிகளும், திங்களும், அதனை விட்டுப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. வானியல் அறிந்தோர்க்கு அது விண்மீன்களின் படம். அரண்மனைப் பெண்டிர்க்கு அது அழகிய ஓவியம். அரசியோ உரோகிணியை நோக்கிப் பெருமூச்சு விடுகிறாள். அவள் கண்ணுக்கு அப்படம், பிரியாமல் வாழும் ஒருத்தியின் படம். ஓவியர் அப்பொருளை எழுதினாரா என்று கேட்பதிற் பயனில்லை. படத்தில் இருந்த பலவற்றுள் தன் துயருக்கு உரியதை அவள் கண் தேடி எடுத்தது. படம் அவளுக்கு வருங்காலத்தைச் சொல்லவில்லை. அவள் அன்று இருந்த நிலையைச் சொல்லிற்று.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் வேறொரு காட்சி. தலைவன் பாசறையில் இருக்கிறான். முதிய பெண்டிர் மாலையில் ஊர்ப்புறம் சென்று, நாழி நெல்லும் முல்லை மலரும் தூவி வழிபட்டு, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அயலார் வாயில் தற்செயலாகப் பிறக்கும் சொல்லை நிமித்தமாகக் கொள்வதே விரிச்சி. தொல்காப்பியம் புறத்திணையில் இதனைக் குறித்துள்ளது. அப்பொழுது ஆயர்குலப் பெண் ஒருத்தி, தாய்ப் பசுவைக் காணாது வருந்தும் கன்றிடம், 'உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர்' என்னும் பொருள்பட ஆறுதல் கூறுகிறாள். முதுபெண்டிர் அதைக் கேட்டு மகிழ்ந்து வந்து, தலைவனும் விரைவில் வருவான் என்று தலைவிக்கு எடுத்துரைக்கின்றனர். கிளியும் பூக்கட்டியெடுக்கும் குழந்தையும்போல அவ்வாயர் மகளும் ஒன்றும் அறியாதவள். அவள் பேசியது கன்றோடு. அவர்கள் கேட்டது தலைவிக்காக.

நற்சொல் கேட்ட பின்னும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை என்று புலவர் பாடியுள்ளமை கருதத்தக்கது. விரிச்சியை அவர் எள்ளவில்லை. அதனைத் துயர்தீர்க்கும் மருந்தாகவும் காட்டவில்லை. ஆறுதல் சொல்ல வந்தோரின் அன்பையும், ஆறுதல் கொள்ளாத நெஞ்சின் உண்மையையும் ஒருங்கே வைத்தார்.

பிழையான விளக்கத்தைக் கண்டு நகைத்த பாடல்களும் உண்டு. தலைவனை எண்ணி மெலிந்த மகளைக் கண்டு, இது முருகனால் வந்த நோய் என்று தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். அகநானூற்றின் 22ஆம் பாடலில், அன்றிரவே தலைவன் வந்து சேர, நோய் நீங்குகிறது. தலைவி தனக்குள் நகைக்கிறாள். தீர்த்தவன் ஒருவன், புகழ் பெற்றவன் வேறொருவன். குறுந்தொகையின் 23ஆம் பாடலில் ஔவையார் காட்டும் தோழி இன்னும் நுட்பமானவள். குறி சொல்ல வந்த அகவன்மகள் மலைகளைப் பாடும்பொழுது, தலைவனின் மலையைப் பாடிய பாட்டை மட்டும் மீண்டும் பாடுமாறு வேண்டுகிறாள். அவ்வளவில் வீட்டார்க்கு உண்மை புலனாகிறது. குறி உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை. உண்மையைச் சொல்ல முடியாதிருந்த ஒருத்திக்குச் சொல்லும் வாயிலாக அமைந்தது.

பிற்காலத்தும் இத்தகைய வாயில்கள் இருந்தன. மகப்பேறின்றி வருந்திய பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர், தம் ஆசிரியர் சகலாகம பண்டிதர் வழிகாட்டத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தார் என்றும், திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பாடல் கிடைத்தது என்றும், அவ்வாறே வழிபட்டு மெய்கண்டாரைப் பெற்றார் என்றும் சைவ மரபு கூறும். அங்கும் கயிறு தானே விழுந்த ஏடு. அதற்குப் பொருள் கண்டவர் கற்றறிந்த ஆசிரியர். பாடலின் சொற்களே செய்யவேண்டிய வழிபாட்டைக் கூறியமையால் விளக்கம் மனம்போனவாறு அலையவில்லை.

அண்டை வீட்டார் வழக்கம்

நாம் வாழும் ஜொகூர் மண்ணில் மலாய்க்காரரும் சீனரும் இதே வேட்கையைத் தத்தம் வழியில் வெளிப்படுத்தினர். பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு பொழுதுக்கும் பலன் கூறும் 'கெத்திக்கா லீமா' என்னும் முறை மலாய்ச் சுவடிகளில் உள்ளது. வால்டர் ஸ்கீட் 1900ஆம் ஆண்டு வெளியிட்ட மலாய் மந்திர வழக்கங்கள் பற்றிய நூலிலும் அது விளக்கப்பட்டுள்ளது. ஐந்து பொழுதுகளுக்கும் உரிய பெயர்கள் மகேசுவரன், காலன், ஸ்ரீ, பிரமன், விட்டுணு ஆகியவற்றின் மலாய் வடிவங்கள். இசுலாம் தழுவிய மக்களின் நாட்குறிப்பில் பழைய இந்தியத் தெய்வங்கள் பொழுதுகளின் பெயராக நின்றுவிட்டன. பெயர் நிலைத்தது, பொருள் மாறிற்று. சீனர் கோயில்களில் மூங்கிற் குவளையைக் குலுக்க ஒரு குச்சி விழும். அதன் எண்ணுக்குரிய சீட்டில் ஒரு செய்யுள் இருக்கும். பழங்கதைக் குறிப்புகள் நிறைந்த அச்செய்யுளுக்குப் பொருள் சொல்ல அறிந்தவர் ஒருவர் வேண்டும். எல்லா இடத்தும் எடுப்பது தற்செயல், விளக்குவது மனிதன்.

தோட்டத்தில் ஒருத்தி

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. வரலாற்று மாணவன் அவ்வாறு விரைதல் கூடாது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கடலுக்கு அப்பால் தாய் தந்தையர். கடிதம் எழுதப் பிறர் உதவி. பதில் வரப் பல வாரம். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தபின் வரத்தும் குறைந்தது. 1942 ஜனவரி இறுதியில் ஜொகூர் பாரு சப்பானியர் வசமாயிற்று. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம் மரண இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை அது. சென்றவருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. இறந்தவர் பெயரைக் குடும்பத்தாருக்கு அறிவிக்கும் ஏற்பாடும் இல்லை.

கணவன் உயிரோடு இருக்கிறானா என்று அறிய ஒரு வழியும் இல்லாத ஒருத்தி, லயத்தை அடுத்த அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருந்தால், அவளை நகைக்க நமக்கு என்ன தகுதி உண்டு? அவள் முல்லைப்பாட்டின் தலைவிக்குத் தங்கை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முல்லைப்பாட்டில் தேர் ஒலி கேட்டது. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு எந்த ஒலியும் கேட்கவில்லை. செய்தி வரும் வழிகள் அடைபட்ட இடத்தில்தான் குறி வளரும். எனவே குறியை ஒழிக்க விரும்புவோர் முதலிற் செய்தியையும் கல்வியையும் மருத்துவத்தையும் மக்களிடம் சேர்க்க வேண்டும்.

வழிகள் திறந்திருக்கும் இக்காலத்தில் நிலைமை வேறு. காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதா என்று சீட்டைக் கேட்பது துயரின் பிழையன்று, சோம்பலின் பிழை. மணம் பேசிய பெண்ணின் குணத்தை அவளோடு பேசி அறியாமல் சீட்டைக் கேட்பது அவளுக்கு இழைக்கும் தீங்கு. கூண்டிலுள்ள பறவைக்கும் ஒரு நீதி உண்டு. இந்தியாவில் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து அடைத்தல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் கடலூர்த் தொகுதி வேட்பாளர் ஒருவர் வெல்வார் என்று கிளி சொல்லியதை அடுத்து, வனத்துறையினர் சோதிடரின் கிளிகளைக் கைப்பற்றினர். அவ்வேட்பாளர் தேர்தலில் தோற்றார். மற்றவர் எதிர்காலத்தைச் சொன்ன கிளியால் தன் சிறகு வெட்டுண்டதை மாற்ற இயலவில்லை.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

படத்தைப் படித்தல் தமிழர் போற்றிய கலை. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. காமனும் இரதியும், பூனை உருக்கொண்ட இந்திரனும், அகலிகையும், சினந்த கௌதமனும் அங்கே எழுதப்பட்டிருந்தனர். வந்தவர்கள் 'இது யார், இது யாது' என்று வினவ, அறிந்தவர்கள் விளக்கினர். அங்கே விளக்கியவர் கூலி பெறவில்லை. கேட்டவரின் அச்சத்தை முதலாக்கவும் இல்லை. படத்தின் பின் இருந்த கதை இருவர்க்கும் பொதுவாய் இருந்தது. ஐயமுற்றவர் பக்கத்தில் நின்ற மற்றொருவரைக் கேட்டுத் தெளியலாம். பொதுவான கல்வி உள்ள இடத்தில் விளக்குபவன் பொய் சொல்லுதல் அரிது.

இன்று நம் மாணவர் காலையிற் கண்விழித்தது முதல் படங்களின் நடுவே வாழ்கின்றனர். விளம்பரப் படம், அரசியல் படம், கைப்பேசியில் வரும் சீட்டுப் படம் ஆகிய ஒவ்வொன்றும் அவர்களிடம் ஏதோ ஒரு பொருளைச் சொல்லுகிறது. அவர்களுக்கு மூன்று வினாக்களைக் கற்றுக்கொடுத்தல் ஆசிரியர் கடமை. இப்படத்தை யார், எப்பொழுது, எதற்காக எழுதினார்? அதற்கு இப்பொருளைச் சொல்பவர் யார், அதனால் அவர் பெறுவது யாது? இதில் நான் காண்பது படத்தில் உள்ளதா, என் நெஞ்சில் உள்ளதா? முதல் வினாவைக் கேட்டால் ஊழ்ச் சக்கரத்தின் எகிப்தியப் பழமை 1781இல் முடிந்துவிடும். இரண்டாம் வினாவைக் கேட்டால் கூண்டின் பக்கத்தில் அமர்ந்தவரின் திறமையும் வறுமையும் ஒருங்கே தெரியும். மூன்றாம் வினாவைக் கேட்டால் நெடுநல்வாடையின் அரசி ஏன் பெருமூச்சு விட்டாள் என்பது விளங்கும்.

மூன்றாம் வினாவே கடினமானது. தன் நெஞ்சை அறிந்துகொள்ளத் துணிந்தவன் சீட்டைக் கண்டு அஞ்சமாட்டான். சீட்டை எடுத்தவரைக் கண்டு நகைக்கவும் மாட்டான். சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்பும் அத்துணிவை வளர்க்கும் இடமாகலாம். நம் தமிழ்ப்பள்ளிகளில் அது நிகழுமாயின், நாளை என்ன நேரும் என்று கிளியைக் கேட்கும் தேவை நம் பிள்ளைகளுக்குப் பெரிதும் குறைந்துவிடும்.